வேலையை விட்டால் சிறை! நோட்டீஸ் பீரியடின் பழைய கதை

ராஜினாமா கடிதம் கொடுத்த மறுநாளே பலருக்குத் தலைவலி ஆரம்பித்துவிடுகிறது. "மூன்று மாதம் இருந்துவிட்டுத்தான் போக வேண்டும்", "இல்லையென்றால் பணம் கட்டுங்கள்", "ரிலீவிங் லெட்டர் தர மாட்டோம்" என்று நிர்வாகம் சொல்லும். இன்று இந்தச் சண்டை பெரும்பாலும் பணத்தோடும் கடிதத்தோடும் முடிந்துவிடுகிறது. ஒரு காலத்தில் இது சிறையில் போய் முடிந்தது!

இங்கிலாந்தில் 1823-ல் வந்த எஜமானர்–வேலையாள் சட்டப்படி, ஒப்பந்தம் முடியும் முன் வேலையை விட்டுப் போன தொழிலாளிக்கு மூன்று மாதம் வரை சிறை. ஒப்பந்தத்தை மீறியது முதலாளி என்றால்? பணம் கேட்டு வழக்குப் போடலாம், அவ்வளவுதான்.

இதே வழக்கம் 1859-ல் இந்தியாவுக்கும் வந்தது. கல்கத்தா, சென்னை, பம்பாய் நகரங்களுக்காக வந்த தொழிலாளர் ஒப்பந்த மீறல் சட்டம், பிறகு மற்ற இடங்களுக்கும் விரிவாக்கப்பட்டது. முன்பணம் வாங்கிய தொழிலாளி வேலையை விட்டால் முதலாளி மாஜிஸ்திரேட்டிடம் புகார் செய்வார். பணத்தைத் திருப்பித் தருவதா, வேலையை முடித்துத் தருவதா என்று தேர்ந்தெடுப்பதும் முதலாளிதான். உத்தரவை மீறினால் மூன்று மாதம் வரை சிறை. அஸ்ஸாம் தேயிலைத் தோட்டங்களிலும் தென்னிந்தியத் தோட்டங்களிலும் இந்தச் சட்டம் தாராளமாகப் பயன்பட்டது. முன்பணம்தான் அங்கே கால்விலங்கு.

இங்கிலாந்து 1875-லேயே இந்தத் தண்டனையை நீக்கிவிட்டது. இந்தியாவிலோ 1925-ல்தான் ரத்துச் சட்டம் நிறைவேறியது. சரியாக ஐம்பது வருட இடைவெளி!

இதில் ஒரு வேடிக்கை உண்டு. பி.காம். மாணவர்கள் வணிகச் சட்டத் தாளில் படிக்கும் இந்திய ஒப்பந்தச் சட்டம் 1872-லேயே வந்துவிட்டது. அதன் 74-வது பிரிவுப்படி, ஒப்பந்தத்தில் எவ்வளவு பெரிய தொகை எழுதியிருந்தாலும் அதற்கு மேற்படாத நியாயமான இழப்பீடு மட்டுமே கிடைக்கும். ஒருவரை வலுக்கட்டாயமாக வேலை செய்ய வைக்கும்படி நீதிமன்றம் உத்தரவிடாது என்ற கொள்கை 1877-ன் குறித்தவகைத் தீர்வுச் சட்டத்திலும் இருந்தது. ஆக, ஒரே நாட்டில் குமாஸ்தாவுக்கு ஒரு நியாயம், கூலித் தொழிலாளிக்கு இன்னொரு நியாயம்.

1947-ல் சென்னை மாகாணத்தில் வந்த கடைகள் மற்றும் நிறுவனங்கள் சட்டம் முதலாளிக்கும் கடமை வைத்தது. ஆறு மாதம் தொடர்ந்து வேலை பார்த்தவரை நீக்க, தகுந்த காரணத்தோடு ஒரு மாத நோட்டீஸோ அதற்கான சம்பளமோ தர வேண்டும்.

அதற்காக ஊழியருக்குக் கடமையே இல்லை என்று அர்த்தமில்லை. மூன்று வருடம் முடியும் முன் விலகினால் 2 லட்சம் ரூபாய் தர வேண்டும் என்ற விஜயா வங்கியின் நிபந்தனை செல்லும் என்று 2025-ல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. ஆள் எடுக்க ஆகும் செலவையும், அந்தப் பதவிக்கு அந்தத் தொகை அதிகமா என்பதையும் நீதிமன்றம் கணக்கில் எடுத்துக்கொண்டது.

மொத்தத்தில், ஆளைப் பிடித்து வைத்த சட்டம் போய், கணக்கைத் தீர்க்கும் சட்டம் வந்திருக்கிறது. எனவே சண்டை வந்தால் பயப்படாமல் நியமனக் கடிதத்தைத் திரும்பப் படிப்பதும், ராஜினாமாவைத் தேதியோடு எழுத்தில் கொடுத்து நகல் வைத்துக்கொள்வதும்தான் முதல் வேலை. கேட்கும் தொகை நியாயமானதா என்று கேட்கும் உரிமை ஊழியருக்கு உண்டு. அந்த உரிமை இல்லாமல் சிறைக்குப் போனவர்கள் எத்தனையோ பேர்!