ஓசூருக்கு ரயில் வந்த கதை (ரெண்டு தடவை)

ஓசூர்ல வேலை பாக்கறவங்ககிட்ட, "இந்த ஊருக்கு ரயில் எப்ப வந்துச்சு?"ன்னு கேட்டுப் பாருங்க. "சிப்காட் வந்தப்புறம் வந்திருக்கும்"னு சொல்வாங்க. ஆனா முதல் ரயில் வந்தது 1913-ல. அதுவும் பெங்களூர்ல இருந்து வரலை!

கொஞ்சம் பின்னாடி போவோம். 1876-78, தாது வருஷப் பஞ்சம். அப்போ ஓசூர், கிருஷ்ணகிரி, தர்மபுரி எல்லாமே சேலம் ஜில்லா. 1871-ல சுமார் 19.7 லட்சமா இருந்த ஜில்லாவோட ஜனத்தொகை, 1881-ல சுமார் 16 லட்சம். கிட்டத்தட்ட அஞ்சுல ஒரு பங்கு இல்லாமப் போச்சு.

ஜோலார்பேட்டை, திருப்பத்தூர், மொரப்பூர் வழியா சேலம் போற மெயின் லைன் 1860களிலேயே வந்தாச்சு. ஆனா ஸ்டேஷன்ல இறங்கின தானியம் உள்ளே இருக்கற தாலுகாவுக்குப் போகணும்னா மாட்டுவண்டிதான். பஞ்சத்துல மனுஷனுக்கே சோறில்லை, மாட்டுக்கு ஏது தீவனம்? அதனாலதான் 1880 பஞ்சக் கமிஷன், லாபம் வராட்டியும் பஞ்சத்தைத் தடுக்க ரயில் பாதைகள் போடணும்னு சொல்லுச்சு.

அப்படி வந்தவைதான் நம்ம ஏரியாவோட ரெண்டு குட்டி ரயில்கள். திருப்பத்தூர் - கிருஷ்ணகிரி 1905-ல. மொரப்பூர் - தர்மபுரி 1906-ல, அதை நீட்டி ஓசூர் வரைக்கும் 1913-ல. தண்டவாளங்களுக்கு நடுவுல இரண்டரை அடிதான். அகலம் குறைஞ்சா மண்மேடு, பாலம் எல்லாமே சின்னதாப் போதும், வளைவும் நல்லா வளைக்கலாம், செலவு கம்மி. கஷ்டம் எங்கேன்னா மொரப்பூர்லயும் திருப்பத்தூர்லயும். மெயின் லைன் ஐந்தரை அடி அகலம். பெட்டி அப்படியே மாறிப் போக முடியாது. ஒவ்வொரு மூட்டையையும் இறக்கி, அந்த வண்டியில ஏத்தணும்.

இன்னொரு சிக்கல் திசை. ஓசூர் சந்தைக்குப் பக்கத்து ஊர் பெங்களூர், சுமார் 40 கிலோமீட்டர். ஆனா அத்திப்பள்ளி வந்தாலே மைசூர் சமஸ்தானம். மதராஸ் மாகாணத்து ரயில் ஓசூரோட நின்னுபோச்சு. அதான் கடைசி ஸ்டேஷன். பஞ்சத்துக்காகப் போட்ட பாதை, வியாபாரம் போற பக்கத்துக்கு முதுகைக் காட்டிக்கிட்டு இருந்துச்சு. பஸ் வந்ததும் தாக்குப்பிடிக்க முடியலை. இரண்டாம் உலகப் போர் முடியறதுக்குள்ள ரெண்டு பாதையுமே மூடியாச்சு.

ரெண்டாவது தடவை ரயில் வந்தது 1960களின் கடைசியில. இந்த முறை சேலம் - பெங்களூர் மீட்டர் கேஜ், தர்மபுரி, பாலக்கோடு, இராயக்கோட்டை, கெலமங்கலம் வழியா. கடைசி ஸ்டேஷனா இருந்த ஓசூர் வழி ஸ்டேஷன் ஆச்சு. மாநில எல்லையைத் தாண்டிப் போனதாலதான் இது பிழைச்சதுன்னு நான் நினைக்கிறேன். 1990கள்ல அகலப் பாதையும் ஆச்சு. 2003-ல தென்மேற்கு ரயில்வே உருவானப்போ, தமிழ்நாட்டு ஓசூர் ஸ்டேஷன் பெங்களூர் கோட்டத்தோட அங்கே போயிடுச்சு. ரயில்வே மேப்ல மாநில எல்லைக்கு மதிப்பில்லை :-)

கிருஷ்ணகிரிக்குத்தான் அந்த ரெண்டாவது தடவை வரவே இல்லை. 1905-லயே ரயில் பாத்த ஊர், 2004-ல மாவட்டத் தலைநகரும் ஆயிடுச்சு. இன்னிக்கும் ரயில் ஏற ஓசூருக்கோ ஜோலார்பேட்டைக்கோ பஸ் பிடிக்கணும். மொரப்பூர் - தர்மபுரி பாதையைத் திரும்பப் போட 2019-ல அடிக்கல் நாட்டினாங்க. கிருஷ்ணகிரிக்காரங்க கேக்கறது புதுசா ஒண்ணுமில்லைங்க. தாத்தா காலத்துல இருந்ததைத்தான் திருப்பிக் கேக்கறாங்க. ஆனா இந்தத் தடவை போட்டா, ஊரோட நிக்காம ஓசூர் வரைக்கும் சேர்த்துப் போடுங்கப்பா!