காவிரி சென்றடையும் கடற்கரை



கடல் காணாத ஊர் நம் வெண்ணந்தூர். ஆயினும் கடலுக்கும் நமக்கும் உறவு உண்டு. சேர்வராயன் மலையில் தோன்றும் திருமணிமுத்தாறு நம் வட்டாரத்தைக் கடந்து காவிரியிற் கலக்கின்றது. காவிரியன்னையோ பூம்புகாரிற் கடலை அடைகின்றாள். நம் நீர் சென்றடையும் அக்கரையை இத்திருவிழா நன்னாளில் மனத்தால் ஒருமுறை வலம் வருவோமாக.

முதற்கண் பூம்புகார்ச் சங்கமத்துறை. நீலக் கடலும் வெண்மணற் பரப்பும் கண்ணுக்கு விருந்தாகின்றன. அமைதி நிலவும் இவ்விடமே சங்ககாலச் சோழரின் பெருந்துறைமுகம். 1960-களில் கீழையூரில் நிகழ்ந்த அகழாய்வில் செங்கற்களால் கட்டிய பழைய படகுத்துறை வெளிப்பட்டது. அடியவர் கேட்டதை இல்லையென்னாத இயற்பகை நாயனாரும், பெரும்பொருளைத் துறந்த பட்டினத்தாரும் இந்நகரில் தோன்றியவர்களே. திருச்சாய்க்காடும் பல்லவனீச்சரமும் இங்குள்ள பாடல்பெற்ற தலங்கள். மாட மாளிகைகள் மறைந்தன. ஈந்தவர் பெயரும் துறந்தவர் பெயரும் மறையவில்லை.

தெற்கே தரங்கம்பாடி. 1620-இல் டென்மார்க்கு நாட்டார் கட்டத் தொடங்கிய கோட்டை இன்றும் அலையோசை கேட்டு நிற்கின்றது. அதனருகே, பாண்டியன் மாறவர்மன் குலசேகரன் காலத்து மாசிலாமணிநாதர் கோயில். கடல் சிறிது சிறிதாய் அரித்து அதன் முற்பகுதியை விழுங்கிற்று. எனினும் அன்பர்கள் மனந்தளர்ந்தாரல்லர். அண்மைக் காலத்தில் அத்திருக்கோயில் புதுப்பொலிவு பெற்றது.

அடுத்து நாகைக் காரோணம். பரதவர் குலத்து அதிபத்த நாயனார், வலையில் வந்த மீன்களுள் ஒன்றை நாள்தோறும் இறைவனுக்கென்று கடலில் விட்டவர். ஒரே மீன் கிடைத்துச் சுற்றத்தார் பசித்த நாட்களிலும் விட்டார். பொன்மீன் கிடைத்த நாளிலும் தயங்காது விட்டார். ஆவணித் திங்களில் அந்நிகழ்ச்சி இன்றும் அங்கு விழாவாகின்றது. 2004 டிசம்பர் 26-ஆம் நாள் ஆழிப்பேரலை நாகை மாவட்டத்தில் மட்டும் ஆறாயிரத்துக்கும் மேற்பட்ட உயிர்களைக் கொண்டு சென்றது. உற்றாரை இழந்தோரே மீண்டும் படகேறி அக்கடலுக்குட் சென்றனர். அதிபத்தரின் உறுதி அக்கரையில் அற்றுப்போகவில்லை என்பதற்கு வேறு சான்று வேண்டுமோ?

நிறைவாகத் திருமறைக்காடு. அப்பரடிகள் பாடத் திறந்து, ஞானசம்பந்தர் பாட அடைத்த திருக்கதவத்தை உடைய தலம். இவ்வேதாரணியத்திற்கே, 1930 ஏப்ரல் 13-இல் திருச்சியிலிருந்து புறப்பட்ட இராஜாஜி, தொண்டர்களோடு நடந்து சென்று, ஏப்ரல் 30-இல் தடையை மீறி உப்பெடுத்தார். சேலத்தில் வழக்கறிஞராய் விளங்கியவர். திருச்செங்கோட்டையடுத்த புதுப்பாளையத்தில் 1925-இல் ஆசிரமம் கண்டவர். அத்தொண்டர்கள் பாடிச் சென்ற பாட்டை இயற்றியவரோ நாமக்கல் கவிஞர் இராமலிங்கம் பிள்ளை. நம் பகுதி மக்களுக்கு அக்கரை அயலதன்று.

அன்பர்களே! ஆடி அமாவாசையில் நாம் சங்கமத்தில் மூழ்கி எழுகின்றோம். அந்நீர் எங்கிருந்து வருகின்றது? சாயக்கழிவும் சாக்கடையும் திருமணிமுத்தாற்றைக் கறைப்படுத்தி வருவதை நாம் அறிவோம். இங்கு மாசினை விடுத்து, அங்குப் புண்ணியம் தேடுதல் தகுமோ? அதிபத்தர் தமக்குக் கிடைத்தவற்றுள் சிறந்ததைக் கடலுக்கு அளித்தார். நாம் எதனை அனுப்புகின்றோம்? ஆற்றைத் தூயதாக வைத்தலும் அரன் பணியே. அப்பணியை நம் ஊர்க்கரையில் தொடங்குவோம். அதன்பின் கடற்கரைத் தலங்களைக் கண்ணாரக் கண்டு தொழுவோம்.

திருச்சிற்றம்பலம்.