ஆண்டில்லா நிலப்படம் பேசாது



19ஆம் நூற்றாண்டில் அமெரிக்காவில் அச்சான அட்லஸ் நூல்களின் நிலப்படங்களை உலகெங்கும் பலர் விரும்பிச் சேகரிக்கின்றனர். அழகுக்காகச் சட்டமிட்டு மாட்டுவோரும் உளர். ஆயினும், ஒவ்வொரு தாளும் தன் காலத்தின் அறிவுக்குச் சாட்சியாக நிற்பதே அவற்றின் உண்மையான மதிப்பாகும்.

இத்துறையில் பெரும்பெயர் பெற்ற சாமுவேல் அகஸ்டஸ் மிட்செல் (1790–1868) நம்மைப் போன்று ஆசிரியப் பணியாற்றியவர். பள்ளிகளில் வழங்கிய புவியியல் நூல்களின் குறைகளைக் கண்டே அவர் ஃபிலடெல்ஃபியாவில் பதிப்புத் தொழிலில் இறங்கினார். நியூயார்க்கில் கோல்டன், ஜான்சன் ஆகியோரின் அட்லஸ்கள் புகழ்பெற்றன. இத்தகைய படங்கள் பலவற்றுக்கும் அச்சிட்ட பின் கையால் வண்ணம் தீட்டினர். 1872இல் ராண்ட் மெக்னாலி நிறுவனம் மெழுகுச் செதுக்கு முறையைக் கையாளத் தொடங்கியது, நிலப்படங்கள் மலிந்தன.

சேகரிப்போர் முதலில் ஆராய்வது படத்தின் வயதையே. ஓரத்தில் பதிப்புரிமை ஆண்டு இருக்கும். ஆனால் அதே ஆண்டைத் தாங்கிப் பின்னாளிலும் படங்கள் அச்சானதுண்டு. எனவே எல்லைகளையும் பார்க்க வேண்டும். மேற்கு வர்ஜீனியா தனி மாநிலமாகக் காட்டப்பட்டிருப்பின், அப்படம் பெரும்பாலும் 1863க்குப் பிற்பட்டது. அலாஸ்கா 'ரஷ்ய அமெரிக்கா' எனக் குறிக்கப்பட்டிருப்பின், அது 1867ஆம் ஆண்டு விற்பனைக்கு முந்திய நிலையைக் காட்டுகிறது.

நம் ஜொகூருக்கும் இவ்வழி பொருந்தும். தஞ்சோங் புத்ரி என வழங்கிய ஊர் 1866இல்தான் ஜொகூர் பாரு எனப் பெயர் பெற்றது. ஆகவே, ஆசியப் படமொன்றில் அப்புதுப்பெயர் காணப்பட்டால், அப்படம் அவ்வாண்டுக்கு முந்தியதாக இருக்க இயலாது. மாணவர்கள் துப்பறிவது போல் இதனைச் செய்து மகிழ்வர்.

வருந்தத்தக்க செய்தி ஒன்றுண்டு. முழு நூலைவிடத் தனித்தாள்கள் கூடுதல் பணம் தரும் என்று வணிகர் சிலர் அட்லஸ்களைப் பிரித்து விற்கின்றனர். தலைப்புப் பக்கமும் முன்னுரையும் பிரிந்தபின், தாள் எந்நூலைச் சேர்ந்தது என்பதே மறைந்து போகிறது. இதற்கு மாற்றாக, டேவிட் ரம்சி தம் பெருந்தொகுப்பை மின்வடிவாக்கி, எவரும் இணையத்தில் கட்டணமின்றிக் காண வழி செய்தார். அவர் பெயரிலான நிலப்பட மையம் 2016இல் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தில் திறக்கப்பட்டது. விலை கொடுத்து வாங்க இயலாத நம் வகுப்பறைக்கு அது பெருங்கொடை.

மாசாய் வட்டாரத்திலும் தோட்டங்கள் இருந்த இடங்களில் குடியிருப்புகளும் தொழிற்சாலைகளும் எழுந்துள்ளன. லயத்து வீடுகள், கோயில், பள்ளி, கிணறு ஆகியவை எங்கெங்கு இருந்தன என்பது நம் முதியோர் நினைவில் மட்டுமே எஞ்சியுள்ளது. பெற்றோர்களே, தாத்தா பாட்டியை அருகில் அமர்த்தி, அவர்கள் வாழ்ந்த தோட்டத்தைப் பிள்ளைகளை வரையச் சொல்லுங்கள். அளவு பிசகினாலும் கேடில்லை. சொன்னவர் பெயர், அவர் அங்கு வாழ்ந்த ஆண்டுகள், வரைந்த நாள் ஆகிய மூன்றையும் தாளின் ஓரத்தில் தவறாமல் எழுதச் செய்யுங்கள்.

அந்த ஓரக்குறிப்பு இல்லையேல், நாளை அது வெறும் கோடுகளாகவே நிற்கும்.