றொபேட் நொக்ஸ் உண்ட இலை

குறிகட்டுவான் இறங்குதுறையில் நெடுந்தீவுப் படகுக்காகக் காத்து நின்றோம். கனடாவிலிருந்து வந்திருந்த என் மருமகன் காதோடு காதாகக் கேட்டான்: "மாமா, இஞ்சை கஞ்சா போட்ட இனிப்பு ஏதும் வாங்கலாமோ? அங்கை கடையிலையே விக்கினம்."

அவன் சொன்னது பொய்யல்ல. கனடாவில் கஞ்சா சேர்ந்த தின்பண்டங்கள் 2019 ஒக்டோபரில் சட்டபூர்வமாயின. ஒரு பொதியில் 10 மில்லிகிராமுக்கு மேல் போதைச்சத்து இருக்கலாகாது என்பது அங்குள்ள விதி.

"தம்பி, உனக்கு முன்னமே இந்தத் தீவிலை அதைத் தின்ட ஒரு பரதேசியின்ரை கதை சொல்லுறன், கேள்" என்றேன். அக்கதையையே இன்று நேயர்களுக்கும் சொல்ல விழைகிறேன்.

1660இல் கண்டி அரசனின் ஆட்களிடம் அகப்பட்ட ஆங்கிலேயர் றொபேட் நொக்ஸ். ஏறத்தாழ இருபது ஆண்டுகள் கைதியாக வாழ்ந்தவர், தப்பும் வழி தேடி, சில்லறைச் சாமான் விற்பவராக வடக்கு நோக்கி அலைந்தார். குளத்து நீரைக் குடித்ததால் காய்ச்சல் பிடித்தது என நம்பினார். அதற்கு மாற்றாக அவர் கண்ட மருந்து கஞ்சா இலை. உலர்த்திப் பொடித்து, உள்ளூர்ச் சர்க்கரையோடு சேர்த்து, காலையும் மாலையும் வெறும் வயிற்றில் உண்டார். தலை கிறுகிறுத்தது என்று 1681இல் இலண்டனில் வெளிவந்த தம் நூலில் மறைக்காமல் எழுதியுள்ளார். 1679இல் மல்வத்து ஓயாவைப் பின்பற்றி அரிப்பிலிருந்த ஒல்லாந்தர் கோட்டையை அடைந்து விடுதலை பெற்றார்.

1689 டிசெம்பர் 18ஆம் நாள் விஞ்ஞானி றொபேட் ஹூக், இலண்டன் றோயல் சொசைட்டியில் இவ்விலை பற்றி உரையாற்றினார். அவருக்குச் செய்தி தந்த கப்பற்றலைவர் நொக்ஸே என்பர் ஆய்வாளர். ஒரு புகையிலைக் குழாயை நிரப்பும் அளவே ஒரு வேளைக்கு என ஹூக் அளவும் கூறினார்.

நொக்ஸ் தண்ணீரைப் பழித்தார். ஆனால் மலேரியாவைப் பரப்புவது நுளம்பு என்பதை றொனால்ட் றொஸ் 1897இல்தான் கண்டறிந்தார். ஆகவே நொக்ஸைக் காத்தது இலைதான் என்று துணிந்து சொல்வதற்கில்லை.

ஊர்காவற்றுறையில் என் சிறுபராயத்தில், எங்கள் பரியாரியார் ஓர் இலேகியச் சாடியைத் தனியே பூட்டி வைத்திருப்பார். "இது பாக்களவுச் சாமான், பலகாரமில்லை" என்பார். ஒருநாள் பூட்டு மறந்துபோயிற்று. இனிப்பென்று வழித்து நக்கினேன். ஒன்றும் செய்யவில்லையே என்று மறுபடியும் நக்கினேன். பொழுது சாய்ந்தபின்னரே வீடு சுழன்றது. மறுநாள் மதியம்தான் கண் விழித்தேன். அதுவரை அம்மா என் மூச்சைப் பார்த்தபடி பாயருகே இருந்தாளாம்.

புகைத்தால் சில நிமிடங்களில் ஏறுவது, உண்டால் அரை மணி முதல் இரண்டு மணி வரை தாமதிக்கும். ஈரலில் அது மேலும் வீரியமுள்ள பொருளாக மாறுகிறது. பல மணி நேரம் இறங்காது. 'இன்னும் ஏறவில்லை' என்று இரண்டாம் துண்டை எடுப்பவரே பெரும்பாலும் அகப்படுகின்றனர். மதுவோடு சேர்ந்தால் இன்னும் மோசம். குழந்தைக்கோ இனிப்பும் மருந்தும் ஒன்றுதான்.

"அங்கை பெட்டியிலை அளவு எழுதியிருக்கும். இஞ்சை ஒளிச்சு விக்கிறவன் என்னத்தைப் போட்டானோ? 1929ஆம் ஆண்டுச் சட்டப்படி இது குற்றம். 1961ஆம் ஆண்டு ஆயுர்வேதச் சட்டம் விட்ட வழி மருத்துவருக்கு மட்டும், பயணிக்கு இல்லை. நெடுந்தீவிலை உனக்கு ஏதும் நடந்தால், திரும்பி இந்தத் துறைக்கு வரவே ஒரு மணித்தியாலக் கடல்" என்றேன்.

அவன் பேசவில்லை. படகு வந்தது. ஏறுமுன் ஓடிப்போய் ஒரு குட்டான் பனங்கட்டி வாங்கி வந்தான்.

"இதிலை ஒண்டும் இல்லையே, மாமா?"

"பனை மட்டும்தான், தம்பி" என்றேன்.