தூளி ஆடி முடிஞ்சதும் மிஷின் ஓடும்! - கைக்குழந்தையோடு வீட்டிலிருந்தே தைக்க ஒரு திருச்சி கையேடு

மதியம் ரெண்டு மணி. ஸ்ரீரங்கம் சித்திரை வீதியில் வெயில் கொளுத்துது. வீட்டுக்குள்ளே தூளி ஆடி ஓய்ஞ்சு, குழந்தை தூங்கியாச்சு. இனி கையில் இருப்பது நாற்பது நிமிஷம். அதிர்ஷ்டம் இருந்தா ஒரு மணி நேரம். தூங்கலாம், போன் பார்க்கலாம், கிடக்குற பாத்திரத்தைத் தேய்க்கலாம். இல்லைன்னா தையல் மிஷின் மேல போட்டிருக்கும் துணியை விலக்கிட்டு உட்காரலாம். அப்படி உட்காருறவங்களுக்கும், உட்காரலாமான்னு யோசிக்கிறவங்களுக்கும்தான் இந்தக் கட்டுரை.

யோசிக்க வேண்டிய விஷயம்தான். 2019-ல் மத்திய அரசு எடுத்த நேரப் பயன்பாட்டுக் கணக்கெடுப்பில், சம்பளமில்லாத வீட்டு வேலை செய்யும் பெண்கள் அதற்காக ஒரு நாளைக்குச் சராசரியாக 299 நிமிடம் செலவழிப்பது தெரிந்தது. ஆண்களுக்கு அது 97 நிமிடம். குழந்தையையும் பெரியவர்களையும் கவனிக்கும் நேரம் இதில் சேராது, அது தனிக்கணக்கு. ஆக, ‘வீட்டுல சும்மாதானே இருக்க, நாலு துணி தைச்சா காசு வருமே’ என்பவர்களுக்கு இந்த ஒரு எண்ணே பதில். தைக்கிறதுக்கு முதல்ல வேண்டியது மிஷின் இல்லை, நேரம்.

வெட்டுறது தூங்கும்போது, தைக்கிறது துண்டு துண்டா

கைக்குழந்தை வெச்சிருக்கிறவங்க செய்யும் முதல் தப்பு, ஒரே மூச்சில் ஒரு டிரஸ்ஸை முடிக்கப் பார்ப்பது. தையலில் எல்லா வேலையும் ஒரே மாதிரி கவனம் கேட்காது. அளவு குறிச்சு வெட்டுற வேலைக்கு மட்டும் தடையில்லாத நேரம் வேணும். நடுவில் எழுந்து போனால் கழுத்து ஒரு பக்கம் இறங்கிடும், வெட்டின துணியை ஒட்ட வைக்க முடியாது. அதனால் மதியத் தூக்கத்தை வெட்டுறதுக்கு மட்டும் ஒதுக்குங்க. மூணு நாலு உருப்படியை ஒரே நாளில் வெட்டி, ஒவ்வொன்றையும் தனித்தனிப் பையில் போட்டு, நூல், பட்டன், எலாஸ்டிக்கையும் அதிலேயே போட்டு வெச்சுடலாம். ஓரம் அடிக்கிறது, தோள் சேர்க்கிறது எல்லாம் பத்து நிமிஷ வேலை. கிடைக்கும்போது ஒண்ணு ஒண்ணா முடிக்கலாம். ஹெம்மிங், கொக்கி, காஜா மாதிரி கைத்தையலைக் குழந்தை தூங்கின பிறகு ராத்திரிக்குத் தள்ளிடுங்க.

கால் மிஷினா, மோட்டாரா? கால் மிஷின் கரன்ட் போனாலும் ஓடும், வேகமும் நம்ம கட்டுப்பாட்டில் இருக்கும். மோட்டாரில் ஒரு கால் போதும், இன்னொரு கால் தூளிக் கயிறை ஆட்டலாம். விளையாட்டுக்குச் சொல்லலை, நிறைய வீடுகளில் இப்படித்தான் வேலை நடக்குது.

1924-ல் காந்தியிடம், ‘நீங்கள் எல்லா இயந்திரத்தையும் எதிர்க்கிறீர்களா?’ என்று ஜி.ராமச்சந்திரன் கேட்டபோது, காந்தி விலக்காகச் சொன்னது சிங்கர் தையல் மிஷினைத்தான். மனைவி கையால் தைத்துக் கஷ்டப்படுவதைப் பார்த்து சிங்கர் அதை உருவாக்கினார் என்று அவர் நம்பினார். கேட்ட ராமச்சந்திரன்தான் பிற்காலத்தில் திண்டுக்கல் பக்கம் காந்திகிராமத்தைத் தொடங்கியவர்களில் ஒருவர். 1851-ல் காப்புரிமை வாங்கிய ஐசக் சிங்கருக்கு உண்மையில் பல குடும்பங்கள், 20-க்கும் மேற்பட்ட பிள்ளைகள். அந்தப் பிள்ளைகளை யார் வளர்த்தார்கள் என்று யாரும் கதை எழுதலை!

துணி எங்கே? முதல்ல உங்க பீரோவைத் திறங்க

ஸ்ரீரங்கத்து வீடுகளில் எந்த பீரோவைத் திறந்தாலும் ஒரு அடுக்கு நிறைய ப்ளவுஸ் பிட் இருக்கும். கொலுவுக்குப் போன வீட்டிலும், சுமங்கலிப் பிரார்த்தனையிலும், கல்யாணத்திலும் வெற்றிலைப் பாக்கோடு வெச்சுக் கொடுத்தது. தைக்கவும் மாட்டோம், தூக்கிப் போடவும் மனசு வராது. அடுத்த வீட்டுக்கு அப்படியே கைமாறும், சில சமயம் நம்ம கொடுத்ததே நம்மகிட்ட திரும்பி வரும்! அந்த 80 சென்டிமீட்டர் துணி, ஒரு வயசுக் குழந்தைக்கு ஃப்ராக் தைக்கத் தாராளம். பாலியஸ்டர் கலந்ததை மட்டும் பைக்கு ஒதுக்கிட்டு, காட்டனைக் குழந்தைக்கு எடுங்க.

பிறந்த குழந்தைக்குப் புதுத்துணி போடக் கூடாது, பழசுதான் போடணும்னு பாட்டி சொல்வாங்க. காரணம் என்னவோ, பலன் நல்லது. பலமுறை துவைத்த பருத்தியில் கஞ்சியும் இருக்காது, சொரசொரப்பும் இருக்காது. பழைய காட்டன் புடவையிலோ எட்டு முழ வேட்டியிலோ அரை மீட்டர் எடுத்தால் ஒரு ஜபலா ஆகிடும்.

புதுசாக வாங்கணும்னா, ஸ்ரீரங்கத்திலிருந்து 1-ஆம் நம்பர் பஸ் ஏறி சத்திரத்தில் இறங்குங்க. மலைக்கோட்டையைச் சுற்றியிருக்கும் என்.எஸ்.பி. ரோடு, பெரிய கடைவீதி, சின்னக்கடை வீதி பக்கம் துணி, லைனிங், லேஸ், பட்டன், எலாஸ்டிக் எல்லாம் நடந்தே வாங்கலாம். தீபாவளிக்கு முந்தின ரெண்டு வாரம் மட்டும் கைக்குழந்தையோடு அந்தப் பக்கம் தலைவைக்காதீங்க.

இன்னொரு பெயரும் ஞாபகத்தில் இருக்கட்டும்: உறையூர். முதல் நூற்றாண்டில் கிரேக்க மொழியில் எழுதப்பட்ட ‘பெரிப்ளஸ்’ என்ற கடல்வழிக் குறிப்பு, ‘அர்கரு’ என்ற ஊரின் மெல்லிய துணியைச் சொல்கிறது. அது உறையூர்தான் என்பது பல ஆய்வாளர்களின் கருத்து. அங்கே நடந்த அகழாய்வில் சாயத் தொட்டியும் கிடைத்திருக்கிறது. இன்றைக்கும் உறையூரிலும், முசிறி பக்கம் மணமேட்டிலும் கைத்தறிப் பருத்திப் புடவை நெய்கிறார்கள். திருச்சி வெயிலில் குழந்தைக்கு வேர்க்குரு வராமல் இருக்க இதைவிட நல்ல துணி கிடையாது. கைத்தறியை வெட்டும் முன் ஒரு ராத்திரி தண்ணீரில் ஊறப்போட்டு, நிழலில் காயவைத்து, அயர்ன் பண்ணிடுங்க. பருத்தி சுருங்கும். தைத்த பிறகு சுருங்கினா சின்னதாகிப் போகும். ஈரமான வெள்ளைத் துணியால் ஓரத்தில் தேய்த்து, சாயம் ஒட்டுதான்னும் பாருங்க. குழந்தை எதையும் வாயில் வைக்கும், சட்டை நுனி உள்பட.

தலை நுழையுமா?

முதல்முதலா நான் தைத்த ஜபலா அழகா இருந்தது, ஆனா தலை நுழையலை. பெரியவர்கள் அளவை அப்படியே சின்னதாக்கினால் இதுதான் நடக்கும். குழந்தைக்கு உடம்போடு ஒப்பிட்டால் தலை பெரிசு. பிறக்கும்போது தலைச்சுற்றளவு சுமார் 35 சென்டிமீட்டர், ஒரு வயசில் 45, 46 ஆகிடும். மார்புச் சுற்றளவும் கிட்டத்தட்ட அதேதான். அதனால் கழுத்துச் சுற்றளவு 48-க்குக் குறையாம இருக்கணும், இல்லைன்னா தோளிலோ முதுகிலோ திறப்பு வைக்கணும். ஆறு மாசத்துக்குள்ளே என்றால் முன்பக்கம் முழுசாத் திறந்து, பக்கவாட்டில் முடியும் ஜபலாதான் சுலபம். தலை வழியே எதையும் இழுக்க வேண்டாம்.

தையலை உள்பக்கம் மடித்து அடிங்க, பிசிறு தோலில் உரசக் கூடாது. மல் மாதிரி மெல்லிய துணிக்கு 11-ஆம் நம்பர் ஊசி, சாதாரணக் காட்டனுக்கு 14, ஜீன்ஸ் மாதிரி தடிமனுக்கு 16. ஊசியை மாத்தாமலேயே வருஷம் ஓட்டுறவங்கதான் ‘மிஷின் நூல் அறுக்குது’ன்னு புலம்புவாங்க.

பட்டுப் பாவாடைக்கு ஒரு பழைய வித்தை இருக்கு. இடுப்பிலும் கீழேயும் டக் பிடிச்சு உள்ளே மடக்கித் தைச்சுட்டா, வருஷா வருஷம் ஒரு டக் பிரிச்சுவிடலாம். மூணு நவராத்திரிக்கு ஒரே பாவாடை. இப்போ வரும் ரெடிமேடில் இதைப் பார்க்கவே முடியறதில்லை.

ஊசியும் தவழும் குழந்தையும்

இதில் மட்டும் சமாதானமே கிடையாது. தவழும் குழந்தை இருக்கும் வீட்டில் தரையில் உட்கார்ந்து தைக்காதீங்க. குண்டூசியை எண்ணி எடுத்து, எண்ணித் திருப்பி வைங்க: இருபது வெளியே வந்தா இருபது உள்ளே போகணும். பழைய ஸ்பீக்கர் காந்தம் ஒண்ணு இருந்தால், வேலை முடிஞ்சதும் தரையில் ஒரு தடவை ஓட்டிடலாம். ஊசி ஒடிஞ்சா ரெண்டு துண்டும் கிடைக்கும்வரை குழந்தையை அந்த அறைக்குள் விடக் கூடாது.

கால் மிஷினில் சக்கரத்துக்கும் பெல்ட்டுக்கும் நடுவில் விரல் மாட்டும். எழுந்து போகும்போதெல்லாம் பெல்ட்டைக் கழற்றி விட்டுடுங்க, ஒரு நொடி வேலை. மோட்டார் என்றால் பிளக்கையே பிடுங்கிடணும், பெடலை மிதிச்சுப் பார்க்காத குழந்தை உலகத்தில் இல்லை.

தைக்கும் துணியிலும் கவனம் வேணும். மூணு வயசுக்குக் கீழே பட்டன், மணி, சமிக்கி, குஞ்சலம் எதுவும் வேண்டாம், பிய்ந்தால் நேராக வாய்க்குப் போகும். கழுத்துப் பக்கம் நாடாவும் கூடாது. ஐரோப்பியத் தர விதிகள் ஏழு வயசு வரைக்கும் தலை, கழுத்துப் பகுதியில் இழுக்கும் நாடாவைத் தடை செய்கின்றன. சறுக்குமரத்தில் சிக்கினால் கழுத்து இறுகும் என்பதுதான் காரணம்.

கடனும் மிஷினும்: எது நிஜம்?

‘பிரதமரின் இலவச தையல் மிஷின் திட்டம், இந்த லிங்கை கிளிக் பண்ணுங்க’ன்னு வாட்ஸ்அப்பில் வரும். அப்படி ஒரு திட்டமே இல்லைன்னு மத்திய அரசின் பி.ஐ.பி. உண்மை கண்டறியும் பிரிவு சொல்லியாச்சு. ஆதார் நம்பரைக் கொடுத்துடாதீங்க.

தமிழ்நாடு அரசின் சத்தியவாணி முத்து அம்மையார் நினைவு இலவச தையல் இயந்திரத் திட்டம் நிஜம். ஆனால் எல்லாருக்கும் கிடையாது. கணவரை இழந்தவர்கள், கைவிடப்பட்டவர்கள், மாற்றுத்திறனாளிகள், வறுமையில் இருப்பவர்கள் என 20 முதல் 40 வயதுக்குள் இருப்பவர்களுக்கு. தையல் தெரியும்னு சான்று வேணும், மாவட்ட சமூகநல அலுவலகத்தில் கேளுங்க. 35 வயசு ஆனவங்களுக்கு, 2025-ல் தொடங்கிய கலைஞர் கைவினைத் திட்டம் இருக்கு. 25 கைவினைத் தொழில்களுக்கு 3 லட்சம் ரூபாய் வரை கடன், அதில் 25 சதவிகிதம், அதிகபட்சம் 50,000 ரூபாய் மானியம். மாவட்டத் தொழில் மையம்தான் இடம். கத்துக்கணும்னா ஆர்செட்டி எனப்படும் சுயவேலைவாய்ப்புப் பயிற்சி நிலையத்தில் இலவசம், ஆனா தினமும் போகணும். குழந்தையை யார் பார்த்துப்பாங்கன்னு முடிவு பண்ணிட்டு சேருங்க.

பலருக்குத் தெரியாதது, தையல் தொழிலாளர் நல வாரியம். 18 முதல் 60 வயசுக்குள் தையல் தொழில் செய்கிறவர்கள் பதிவு பண்ணிக்கலாம். மகப்பேறு உதவி, பிள்ளைகள் படிப்புக்கு உதவி, 60-க்குப் பிறகு ஓய்வூதியம் எல்லாம் உண்டு. வீட்டில் தைக்கிறவங்க ‘நாமெல்லாம் தொழிலாளியா’ன்னு நினைச்சே விட்டுடுறாங்க.

எது விற்கும், எவ்வளவுக்கு?

உதாரணத்துக்கு ஒரு சாதா ஃப்ராக். துணி 120 ரூபாய், லைனிங் 40, நூல், எலாஸ்டிக் 20. ரெண்டரை மணி நேர வேலை, மணிக்கு வெறும் 50 ரூபாய் போட்டாலும் 125. மொத்தம் 305 ரூபாய். திருப்பூரிலிருந்து வர்ற ரெடிமேட் ஃப்ராக் கடையில் 250-க்குத் தொங்கும். நீங்களும் 250-க்குக் கொடுத்தா, ஒரு மணி நேரத்துக்கு உங்க கூலி 28 ரூபாய். சாதா ஃப்ராக் தைத்து விற்க வேண்டாம் என்பதுதான் என் கட்சி. உங்க குழந்தைக்குத் தைங்க, அக்கா குழந்தைக்குப் பரிசாக் கொடுங்க. காசுக்குன்னா, கடையில் கிடைக்காததைத் தைங்க.

ஸ்ரீரங்கத்தில் அதுக்குப் பஞ்சமில்லை. கிருஷ்ண ஜயந்திக்கும் பள்ளிக்கூட மாறுவேடப் போட்டிக்கும் தைத்த பஞ்சகச்சம், மடிசார். ரெண்டுமே எலாஸ்டிக் வைத்து, ரெண்டு நிமிஷத்தில் மாட்டுற மாதிரி இருக்கணும். வளைகாப்புக்கும் கொலுவுக்கும் சுருக்குப் பை, தாம்பூலப் பை. 2021 டிசம்பரில் அரசு ‘மீண்டும் மஞ்சப்பை’ இயக்கம் ஆரம்பித்த பிறகு துணிப்பை கேட்கிறவங்க கூச்சப்படுறதில்லை. பை தைப்பதில் இன்னொரு சௌகரியம், அளவு பிரச்னை கிடையாது, எங்கே விட்டாலும் எங்கேயும் தொடரலாம். அம்மா புடவையில் பாட்டி பேத்திக்கு ஒரே துணியில் தைப்பது, பழைய புடவைகளை அடுக்கித் தைக்கும் குழந்தை மெத்தை, இதுக்கெல்லாம் யாரும் கடை விலையோடு ஒப்பிட்டுப் பேரம் பேச முடியாது.

துணிப் பொம்மை மட்டும் கொஞ்சம் யோசிச்சுச் செய்யணும். 14 வயசுக்குட்பட்ட குழந்தைகளுக்கான பொம்மைகளுக்கு 2021 ஜனவரி 1 முதல் ஐ.எஸ்.ஐ. முத்திரை கட்டாயம், துணிப் பொம்மையும் இதில் அடக்கம். மத்திய அரசின் கைவினைப்பொருள் மேம்பாட்டு ஆணையரிடம் பதிவு செய்த கைவினைஞர்கள் செய்து விற்பதற்கு விலக்கு உண்டு. நம்ம குழந்தைக்குத் தைக்க எந்தத் தடையும் இல்லை. இன்ஸ்டாகிராமில் விற்கப் போறீங்கன்னா முதல்ல அந்த ஆர்ட்டிசன் கார்டை வாங்கிடுங்க.

கடைசியா, எல்லா வீட்டுத் தையல்காரங்களுக்கும் வர்ற ஒரு குரல்: ‘ஏம்மா, சும்மாதான் இருக்கே, இந்தப் புடவைக்கு ஒரு ஃபால்ஸ் மட்டும் அடிச்சுக் குடேன்.’ மாமி ரொம்ப நல்லவங்க, குழந்தைக்கு முறுக்கு கொடுப்பாங்க, முடியாதுன்னு சொல்லவும் வாய் வராது. ஃபால்ஸ், பிக்கோ, பாவாடை, பை எல்லாத்துக்கும் ரேட் போட்டு ஒரு அட்டையில் எழுதி மிஷினுக்கு மேலே ஒட்டிடுங்க, வாட்ஸ்அப் ஸ்டேட்டஸிலும் வைங்க. ‘புதன்கிழமை தர்றேன் மாமி, இவ்வளவு ஆகும்’னு அட்டையைக் காட்டினா போதும். முறுக்கும் தொடர்ந்து வரும்.