இரண்டாயிரத்து ஐந்நூறு டன் மிளகு

மிளகுக்குப் பாஸ்போர்ட் கிடையாது. ஒரு மூட்டை மாத்தளையில் விளைந்ததா, வியட்நாமிலிருந்து வந்து கொழும்பில் இறங்கியதா என்று காகிதம்தான் சொல்ல வேண்டும். இந்திய – இலங்கைத் தடையற்ற வர்த்தக ஒப்பந்தத்தின் கதையை நான் அந்தக் காகிதத்தின் கதையாகவே படிக்கிறேன்.

1998 டிசம்பர் 28 அன்று வாஜ்பாயும் சந்திரிகாவும் கையெழுத்துப் போட்டார்கள். 2000 மார்ச்சில் அமலுக்கு வந்தது. 'தடையற்ற' என்பது பேருக்குத்தான். சலுகை தர மாட்டோம் என்று இந்தியா ஒதுக்கிவைத்த பொருட்கள் 429. இலங்கை ஒதுக்கியவை 1,180. அரிசி, வெங்காயம், மிளகாய், உருளைக்கிழங்கு என்று விவசாயி கைவைத்த பலதும் அதில் போயிற்று. இதைக் கொழும்பின் பிடிவாதம் என்று சொல்லிவிட முடியாது. சிறிமாவோ ஆட்சியின் இறக்குமதித் தடையில் யாழ்ப்பாணத்து மிளகாயும் வெங்காயமும் நல்ல காசு பார்த்தன. 1977க்குப் பிறகு ஜே.ஆர். கதவைத் திறந்துவிட, அந்தத் தோட்டக்காரர்கள் பட்ட அடி ஊரறிந்தது.

முதல் கூத்து வனஸ்பதியில் நடந்தது. இலங்கைச் சமையலில் அதற்குப் பெரிய இடமில்லை. ஆனாலும் அங்கே ஆலைகள் முளைத்தன; முதலீடு பெரும்பாலும் இந்தியர்களுடையது. இந்தியாவில் பாமாயிலுக்குத் தீர்வை அதிகம், இலங்கையில் குறைவு. வெளிநாட்டு எண்ணெயை அங்கே இறக்கி, கெட்டியாக்கி, தீர்வையில்லாமல் இங்கே அனுப்பினால் ஆயிற்று. 35 சதவீத மதிப்புக்கூட்டல் வேண்டும் என்ற விதியைக் கணக்கில் காட்டிவிடலாம். இந்திய ஆலைக்காரர்கள் கத்தினார்கள். கடைசியில் வனஸ்பதிக்கு ஆண்டுக்கு 2,50,000 டன், மிளகுக்கு 2,500 டன் என்று உச்சவரம்பு வந்தது.

மிளகு விஷயம் அதோடு அடங்கவில்லை. ஒதுக்கீடு தீர்ந்தாலும், சாஃப்டா வழியாக 8 சதவீதத் தீர்வையில் இலங்கை மிளகு வரலாம். வியட்நாம் மிளகு நேராக வந்தால் 2017இல் ஐம்பது சதவீதத்துக்கும் மேல் இருந்தது. இவ்வளவு வித்தியாசம் இருந்தால் சரக்கு சும்மா இருக்குமா? கொழும்பைச் சுற்றிக்கொண்டு வருகிறது என்று குடகிலும் கேரளத்திலும் விவசாயிகள் புகார் சொன்னார்கள். 2017 டிசம்பரில் இந்தியா கிலோவுக்கு 500 ரூபாய் குறைந்தபட்ச இறக்குமதி விலை வைத்தது. விலைப்பட்டியலில் 500 என்று எழுதிவிட்டால் போச்சு என்ற புகார் அடுத்து வந்தது. உள்ளூர் விலையோ இறங்கிக்கொண்டேதான் போனது. வியட்நாம் அளவுக்கு மீறி நட்டுக் குவித்ததே பெரிய காரணம் என்பது என் எண்ணம். ஒப்பந்தம் அதற்கு ஒரு குறுக்கு வழி கொடுத்தது, அவ்வளவே.

இதில் உண்மையாகவே நசுங்கியவர் மாத்தளைச் சிறு விவசாயி. அவருடைய மிளகில் காரம் கூடுதல். கொச்சியில் சாறு பிழியும் ஆலைகளுக்கு அதுதான் வேண்டும். மலிவுச் சரக்கு இலங்கைப் பெயரில் கலந்தால், முதலில் கெடுவது அவருடைய பெயர். மறுஏற்றுமதிக்கென்று மிளகை இறக்காதே என்று கேட்டவர்களில் அவர்களும் உண்டு. 2019 டிசம்பரில், கோட்டாபய பதவிக்கு வந்த அடுத்த மாதமே, அந்தத் தடை வந்தது.