சோதனையும் சம்மதமும்

போளூரில் இரயிலேறி வேலூரில் இறங்குவோரிடையே, நோயாளியைக் கைத்தாங்கலாக அழைத்துச் செல்லும் குடும்பத்தைக் காண்பது அரிதன்று. ஜவ்வாது மலையடிவாரத்து மக்களுக்குக் கடும் நோயென்றால் வேலூர்தான். அங்கே மருத்துவர், “நிணநீர்ப் புற்றுநோய்க்கு வழக்கமான மருந்துகள் பயனளிக்கவில்லை, புதிய சிகிச்சையொன்று சோதனையில் இருக்கிறது, சேர விருப்பமா?” என்று வினவினால் அக்குடும்பம் என்ன விடை கூறும்? ‘நம்மைச் சோதனைப் பொருளாக்குகிறார்களே!’ என்னும் அச்சம் எழுவது இயல்பே. அவ்வச்சத்தின் வேர் வரலாற்றில் உண்டு. அதற்கான மருந்தும் அங்கேயே உண்டு.

மருத்துவ மேதை அபூபக்கர் அர்-ராஸீ, மூளைச் சவ்வு அழற்சி கண்டோரை இரு பிரிவாக்கினார். ஒரு பிரிவினருக்குக் குருதி வாங்கினார். மறு பிரிவினரை, உண்மை அறியும் பொருட்டு, வேண்டுமென்றே அவ்வாறு செய்யாது விட்டார். இதனை அவரே எழுதிவைத்துள்ளார். ஆயிரம் ஆண்டுகளுக்கு முன் ஒப்பிட்டறியும் முறையைக் கண்ட அறிவு போற்றத்தக்கதே. ஆயினும் அந்நோயாளிகளிடம் சம்மதம் கேட்டதாகக் குறிப்பேதும் இல்லை.

நிணநீர்ப் புற்றுநோய்க்கு முதன்முதல் மருந்து செலுத்தப்பட்டது 1942 ஆகஸ்டில், அமெரிக்காவின் யேல் பல்கலைக்கழகத்தில். கடுகு நச்சுவாயுவின் இனத்தைச் சேர்ந்த பொருளே அம்மருந்து! கட்டிகள் சில நாட்களிற் கரைந்தன. பின்னர் மீண்டும் வளர்ந்தன. டிசம்பரில் நோயாளி மறைந்தார். போர்க்கால இரகசியமாதலால் மருந்தின் பெயர்கூட ஏட்டில் எழுதப்படவில்லை. 1946-இல்தான் உலகம் அதனை அறிந்தது. இன்றைய புற்றுநோய் மருந்துகளின் வழி அங்குதான் தொடங்கிற்று.

அதே போர்க்காலத்தில் நாஜி முகாம்களில் கைதிகள் மீது நடத்தப்பட்ட கொடுமைகள் உலகை உலுக்கின. 1947-இல் நூரம்பர்க் நெறியும், 1964-இல் ஹெல்சின்கி அறிக்கையும் நோயாளியின் சம்மதத்தை முன்னிறுத்தின. நம் நாட்டின் 2019-ஆம் ஆண்டு விதிகளின்படி, நெறிக்குழுவின் ஒப்புதலின்றிச் சோதனை நடத்தலாகாது. எழுதப் படிக்கத் தெரியாதவர்க்கு நடுநிலைச் சாட்சியின் முன்னிலையில் விளக்கம் தரவேண்டும். சோதனையால் தீங்கு நேரின் இலவச மருத்துவமும் இழப்பீடும் உண்டு. எந்நேரமும் விலகிக்கொள்ளலாம்.

வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியில் நடந்த சோதனையொன்றின் முடிவுகள் 2025-இல் வெளிவந்தன. நோயாளியின் குருதியிலிருந்தே காவல் அணுக்களைப் பிரித்து, புற்றணுக்களைத் தாக்குமாறு மாற்றி, மீண்டும் உடலிற் செலுத்தும் ‘கார் டி’ சிகிச்சை அது. சேர்ந்தோர் பதின்மர். இரத்தப் புற்றுநோய் கண்ட அறுவருக்கும் நோய் அடங்கியது. நிணநீர்ப் புற்றுநோய் கண்ட நால்வரில் இருவருக்கே அடங்கியது. கடுங்காய்ச்சலும் நரம்புக் கோளாறும் இச்சிகிச்சை முறையில் நேரக்கூடிய இடர்கள்.

நால்வரில் இருவர் என்பதை நம்பிக்கையாகக் கொள்வதா, எச்சரிக்கையாகக் கொள்வதா? இரண்டாகவுமே கொள்ளவேண்டும். சோதனை என்பது, விடை தெரியாத மருத்துவர் நேர்மையாகக் கேட்கும் கேள்வி. ஆகவே நோயாளியும் கேட்கட்டும்: வேறு சிகிச்சை எஞ்சியுள்ளதா? இதுவரை எத்தனை பேருக்குத் தரப்பட்டது? இடர் என்ன? செலவு யாருடையது? மறுத்தால் வழக்கமான மருத்துவம் தொடருமா?

விடைகளைக் கேட்டு, வீட்டாரோடு கலந்தாய்ந்து ‘சரி’ என்பவர் ஏமாளி அல்லர். ‘வேண்டாம்’ என்பவர் கோழையும் அல்லர். ராஸீயின் நோயாளிகளுக்கு வாய்க்காத உரிமை போளூர்க்காரருக்கு வாய்த்திருக்கிறது. அதனைக் கேளாமலே விட்டுவிடலாகாது.